பத்தாம் குரோமோசோமில் ஒரு முகவரி

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மனித மரபணுத் தொகுப்பின் முதல் வரைவு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்தது. அச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. நம் நாளேடுகளிலும் இடம்பெற்றது. சரியாக ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 22ஆம் நாளிட்ட அதே இதழில் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியாயிற்று. இதனை அறிந்தோர் சிலரே. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ என்ற இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. தொழுநோய்க்கு எளிதில் ஆட்படும் தன்மையோடு தொடர்புடைய ஓரிடம் மனிதனின் 10ஆம் குரோமோசோமில் உள்ளது என்பது அதன் முடிவு. இதனை அறிந்தோர் இன்னும் சிலரே.

இம்மூன்றில் பின்னவை இரண்டும் நமக்கு நெருக்கமானவை. மரபணு வரிசை முழுதும் படிக்கப்பட்ட அக்கிருமியின் குலத்திற்கு ஆய்வாளர் இட்ட பெயர் ‘டி.என்.’ என்பது. தமிழ்நாடு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் வாழும் அர்மடில்லோ என்னும் ஓட்டுடல் விலங்கில் வளர்க்கப்பட்ட கிருமி அது. (தொழுநோய்க் கிருமியை இன்றுவரை ஆய்வகக் கிண்ணத்தில் வளர்க்க எவராலும் இயலவில்லை.) ஏப்ரல் கட்டுரைக்கு இரத்தம் தந்தவை தென்னிந்தியக் குடும்பங்கள் 224. ஆய்வில் பங்கேற்றோருள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து நோயெதிர்ப்பியல் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பனும் அவருடன் பணியாற்றியோரும் உண்டு. நோய் தரும் கிருமியின் ஏடும் நோய் ஏற்கும் மனிதனின் ஏடும் ஒரே ஆண்டில், ஒரே நிலப்பரப்பிலிருந்து, இரண்டு மாத இடைவெளியில் திறக்கப்பட்டன.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நாம் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு சொல். ‘பரம்பரை’ என்பதே அச்சொல். தொழுநோய் பரம்பரை நோயா என்ற வினாவுக்கு நூறாண்டுகளாக ‘அன்று’ என்று விடையிறுத்து வந்தோம். மருத்துவமனைச் சுவர்களிலும் பள்ளிப் பாடநூல்களிலும் அவ்வாறே எழுதினோம். அவ்விடை பல குடும்பங்களைக் காத்தது. அந்நிலையில் 2001இன் கட்டுரை என்ன சொல்கிறது? பழைய அச்சத்தை அது மீண்டும் மெய்ப்பிக்கின்றதா? மெய்ப்பிக்கவில்லை என்பதே நம் கருத்து. ஆனால் ஏன் இல்லை என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்வது நாம் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது.

நாம் பணிசெய்யும் ஆரணி பட்டுத்தறிகளின் ஊர். 1989இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. பழைய வட ஆர்க்காடு தொழுநோய் மிகுந்த மாவட்டம். அதனாலேயே தொழுநோய் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பணிகள் சில இப்பகுதியில் நிகழ்ந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை உருவாக்கினார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை நிறுவப்பட்டது. கிழக்கே செங்கற்பட்டில் இராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தினைப் பயன்படுத்தி வழிகாட்டினார். ஆரணியிலிருந்து இம்மூன்று ஊர்களுக்கும் பேருந்தில் சென்று மாலைக்குள் திரும்பிவிடலாம்.

நெசவூரில் இந்நோயின் பொருள் வேறு. தொழுநோய்க் கிருமி நரம்பை நாடிச் செல்வது. உடலின் குளிர்ந்த பகுதிகளில் தங்குவது. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தாக்குண்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் உணர்விழக்கும், பின்னர் மடங்கும். பட்டு நெய்பவர் கண்ணால் நெய்வதைவிட விரலால் நெய்வதே மிகுதி. பாவில் ஓர் இழை அறுந்ததை நுனிவிரல் அறியும். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதும் அதே விரல்நுனி. தோலில் ஒரு தேமல் தோன்றுமுன்பே சிலருக்குத் தறியில் கைபிசகும். அவர் அதனை வெளியில் சொல்லமாட்டார். சொன்னால் தறி மட்டுமா போகும்? வீட்டுப் பெண்ணின் திருமணமும் நின்றுபோகும் என்ற அச்சம் இருந்தது. இன்றும் முற்றாக நீங்கவில்லை.

இவ்வச்சத்தின் வேர் இலக்கியத்திலேயே உண்டு. நாலடியாரின் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் ஒரு பாடல், விரல்கள் அழுகி வருந்தும் தொழுநோயாளி முற்பிறப்பில் நண்டின் காலை முறித்துத் தின்றவன் என்று கூறுகிறது. சமண அறத்தின் நோக்கில் அது உயிர்க்கொலைக்கு எதிரான எச்சரிக்கை. அதன் அளவில் வலிமையான பாடலும்கூட. ஆயினும் நோயாளியின் பக்கம் நின்று படித்தால் அது ஒரு தீர்ப்பு. 1954இல் வெளிவந்த ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படத்தில் எம்.ஆர். ராதா ஏற்ற பாத்திரம் ஒழுக்கம் தவறித் தொழுநோய்க்கு ஆளாகிறது. முற்பிறப்பின் வினை இப்பிறப்பின் வினையாக மாறியதே அன்றித் தீர்ப்பு மாறவில்லை. திருவாரூர் தங்கராசுவின் உரையாடலைச் சுவைத்துச் சிரித்த தலைமுறையினர் அந்த நோய்க்கும் ஒழுக்கத்திற்கும் தொடர்பே இல்லை என்பதைத் திரையரங்கில் கேட்டிருக்க வாய்ப்பில்லை. வினை, ஒழுக்கம், குருதி என இம்மூன்றும் நம் பேச்சு வழக்கில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ‘அந்தக் குடும்பத்தில் உண்டு’ என்ற ஒரே தொடர் மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

குருதி பற்றிய கொள்கைக்கு ஐரோப்பாவிலும் வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டின் மேற்குக் கரையில் தொழுநோய் மிகுந்திருந்தது. பெர்கன் நகரில் டேனியல்சன் என்ற மருத்துவர், போயெக் என்பவருடன் இணைந்து 1847இல் எழுதிய நூல் அக்காலத்தில் தொழுநோய் பற்றிய முதன்மை நூலாக மதிக்கப்பட்டது. தொழுநோய் பரம்பரையாக வருவது என்பது அவர் கொள்கை. குடும்பங்களில் அது தொடர்ந்து வருவதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார். தொற்றுநோய் அன்று என்று காட்டுவதற்காக நோயாளியின் உடற்பொருளைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவருக்கு நோய் வரவில்லை. கொள்கை உறுதிப்பட்டதாகவே அவர் கருதினார்.

அவருடைய உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் மருமகனாகவும் ஆன அர்மவர் ஹான்சன் 1873இல் நோயாளிகளின் திசுக்களில் கோல்வடிவக் கிருமிகளைக் கண்டார். ஒரு நாட்பட்ட மனித நோய்க்குக் காரணமாகச் சுட்டப்பட்ட முதற் கிருமிகளுள் அதுவும் ஒன்று. மாமனாரின் கொள்கையை மருமகன் வீழ்த்தினார். 1897இல் பெர்லினில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழுநோய் மாநாடு தொற்றுக் கொள்கையை ஏற்றது. மறு ஆண்டில் இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைக்க அது வழிசெய்தது. பரம்பரைக் கொள்கை குடும்பத்தைக் குற்றவாளியாக்கியது என்றால் தொற்றுக் கொள்கை நோயாளியைச் சிறைப்படுத்தியது. அறிவியலில் வென்ற கொள்கையும் தெருவில் இறங்கும்போது தீங்கு செய்யக்கூடும் என்பதை 1898இன் சட்டத்தில் காண்கிறோம். அச்சட்டம் முறைப்படி நீக்கப்பட்டது 2016இல்தான்.

இங்கே ஒரு வினா எஞ்சுகிறது. கிருமியே காரணம் என்றால் டேனியல்சனுக்கு நோய் ஏன் வரவில்லை? நோயாளியோடு முப்பதாண்டு வாழ்ந்த மனைவிக்கு வராமல், எப்போதேனும் வந்து சென்ற தம்பிக்கு வருவது எதனால்? இன்று நாம் அறிந்த விடை இது. மனிதரில் மிகப் பெரும்பான்மையோர் இக்கிருமியை எதிர்த்துவிடும் இயல்புடன் பிறந்தவர்கள். கிருமி உடலில் புகுந்தாலும் நோயாக வளர்வது சிலரிடத்தில் மட்டுமே. வளர்ந்தாலும் எல்லாரிடத்தும் ஒரே வகையில் வளர்வதில்லை. சிலருக்கு ஓரிரு தேமலோடு நிற்கும். அங்கே கிருமிகள் குறைவு. சிலருக்கு உடலெங்கும் பரவும்; கிருமிகளும் கோடிக்கணக்கில் பெருகும். ரிட்லி, ஜாப்ளிங் என்னும் இருவர் 1966இல் இவ்விரு முனைகளுக்கிடையே நோயை வகைப்படுத்தினர். ஒரே கிருமி இவ்வளவு வேறுபட்ட நோய்களைத் தருகிறது என்றால் வேறுபாடு மனிதனிடத்தில் இருக்கவேண்டும்.

அவ்வேறுபாட்டில் பிறப்பின் பங்கு எவ்வளவு என்று அளந்த ஆய்வும் இந்தியாவில் நடந்ததே. சக்கரவர்த்தி, ஃபோகல் ஆகிய இருவர் 1973இல் இரட்டையர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 62 இணைகளில், ஒருவருக்கு நோய் இருக்க மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 60 அளவில். இரு கருக்களில் உருவான இரட்டையர் 40 இணைகளில் அது நூற்றுக்கு 20 மட்டுமே. இரு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே உணவு உண்டு வளர்ந்தவர்கள், வேறுபாடு மரபணுவில். அதே எண்ணைத் திருப்பியும் படிக்கவேண்டும். முற்றும் ஒரே மரபணு உடையவர்களிலும் நூற்றுக்கு 40 இணைகளில் ஒருவர் நோயின்றி இருந்தார். பரம்பரை மட்டுமே காரணம் என்றால் இது நடந்திருக்க முடியாது. நம்மைப் பொறுத்தவரை, இக்கட்டுரையில் வரும் எண்களில் நினைவில் கொள்ளவேண்டியவை இவ்விரண்டுமே.

இனி 2001இன் ஆய்வுக்கு வருவோம். பிச்சப்பன் மதுரையில் நெடுங்காலமாக நோயெதிர்ப்பு மரபணுக்களை ஆராய்ந்து வந்தவர்; காசநோய், தொழுநோய் இரண்டிலும் தென்தமிழக மக்களின் குருதி வகைகளை நுணுகிப் பார்த்தவர். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏட்ரியன் ஹில் குழுவுடன் இணைந்து இவர்கள் எடுத்துக்கொண்ட வழி எளிமையானது, உழைப்பு மிகுந்தது. உடன்பிறந்தோர் இருவருக்கும் தொழுநோய் உள்ள குடும்பங்களைத் தேடிக் கண்டறியவேண்டும். அத்தகைய 245 இணைகள் கிடைத்தன. பெரும்பாலோர் கிருமி குறைந்த வகையினர்.

இம்முறையை ஆரணியில் விளக்குவது எளிது. ஒரே பாவில் அடுத்தடுத்து நெய்த சேலைகளில் ஒரு குறை நீளவாக்கில் ஒரே இடத்தில் தொடர்ந்து வந்தால் அது பாவிழையின் குறை. குறுக்கே ஒரு சேலையில் மட்டும் வந்தால் அது ஊடையின் குறை, அல்லது நெய்தவர் கையின் குறை. சேலையைப் பிரித்துப் பார்க்காமலேயே நெசவாளர் இதனைச் சொல்லிவிடுவார். உடன்பிறந்தோர் இருவர் தாயிடமிருந்து ஒரே மரபணுத் துண்டைப் பெற்றிருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தந்தையிடமிருந்து பெறுவதும் அவ்வாறே. ஆகவே குரோமோசோமின் எந்த இடத்தை எடுத்தாலும் உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதியளவு ஒத்திருப்பர். நோயுற்ற இணைகளை மட்டும் திரட்டிப் பார்க்கும்போது, ஏதேனும் ஓரிடத்தில் அவர்கள் பாதிக்கு மேல் ஒத்திருந்தால், நோயோடு தொடர்புடைய இழை அவ்விடத்தை ஒட்டி ஓடுகிறது என்று பொருள். அந்த இழை எத்தகையது என்று தெரியவேண்டியதில்லை. எங்கே ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.

மரபணுத் தொகுப்பு முழுதும் 396 அடையாளக்கற்கள் நடப்பட்டதுபோல் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரு கட்டங்களாகச் சோதிக்கப்பட்டன. 10ஆம் குரோமோசோமின் குறுங்கையில், அறிவியலார் ‘10பி13’ என்று குறிக்கும் பட்டையில், அடுத்தடுத்த கற்கள் பலவும் ஒரே செய்தியைச் சொல்லின. ‘லாட்’ என்னும் அளவையில் அதன் மதிப்பு 4.09. அதாவது, தொடர்பு உண்டெனக் கொண்டால் இத்தகைய தரவு கிடைக்கும் வாய்ப்பு, இல்லையெனக் கொண்டால் கிடைக்கும் வாய்ப்பைவிட ஏறத்தாழ 12,000 மடங்கு. இத்துறையில் இது வலுவான மதிப்பு. மறு ஆண்டில் மேலும் 140 குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தபோது 20ஆம் குரோமோசோமிலும் ஓரிடம் தென்பட்டது.

தெரு தெரிந்தது, வீடு எது? 10பி13 பட்டையில் மரபணுக்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று உடனே கண்ணில் பட்டது. அதன் கதை வேறோரிடத்தில் தொடங்குகிறது.

நம் உடலில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு அணுக்கள் உண்டு. அயற்பொருளை விழுங்கிச் செரிப்பது அவற்றின் தொழில். எதனை விழுங்குவது, எதனை விடுவது என்று அவை அறிவது மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பிகளால். மேனோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருப்பதை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பிலிப் ஸ்டால் குழுவினர் காட்டினர். கிருமிகள் பலவற்றின் புறச்சுவரில் இச்சர்க்கரை நெருக்கமாக அமைந்திருக்கும். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் சுவரிலும் அதனைக் கொண்ட கொழுப்புச் சேர்மங்கள் உண்டு. 1990இல் மவுரீன் டெய்லர், ஆலன் எசெகோவிட்சு ஆகியோரின் ஆய்வுகளால் இவ்வேற்பியின் அமினோ அமில வரிசை முழுதும் தெரியவந்தது. சர்க்கரையைப் பற்றும் அமைப்பினைச் சார்ந்த மடிப்புகள் எட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. அதற்குமுன் வேறெந்த ஏற்பியிலும் இப்படி ஓர் அடுக்கு காணப்பட்டதில்லை.

வரிசை தெரிந்த மரபணுவுக்கு முகவரி தேடும் பணி 1994இல் முடிந்தது. அன்று மனித மரபணுத் தொகுப்பின் வரைபடம் இல்லை. ஆகவே இரு வழிகளில் தேடினர். முதல் வழி, மனித அணுவையும் கொறிவிலங்கின் அணுவையும் ஒன்றாகக் கலப்பது. கலந்த அணு பெருகப் பெருக மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக இழந்துவிடும். எஞ்சியவை இக்கலப்பணுவில் இவை, அக்கலப்பணுவில் அவை என மாறுபடும். எந்தெந்தக் கலப்பணுக்களில் நம் மரபணு கிடைக்கிறது என்று பார்த்தால் அது எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்பது கழித்தல் கணக்காக வந்துவிடும். விடை 10. இரண்டாம் வழி, அம்மரபணுவின் படியெடுத்த துண்டுக்கு அடையாளமிட்டு, கண்ணாடித் தகட்டில் பரப்பிய குரோமோசோம்களின்மேல் விடுவது. தன் இணையைத் தேடி அது சென்று ஒட்டிக்கொண்ட இடம் 10பி13. நமக்கு இம்முறையில் பெரிதும் பிடித்தது அதன் எளிமை. நூலகத்தில் தொலைந்த ஏட்டுக்கு அதன் மறுபாதியையே தூது அனுப்பித் தேடுவது போன்றது அது.

ஏழாண்டு கழித்துத் தென்னிந்தியக் குடும்பங்களின் இழையும் அதே பட்டையில் வந்து நின்றது. கிருமியை விழுங்கும் அணுவின் கைப்பிடி ஒன்று அங்கே இருக்கிறது. கிருமியால் வரும் நோயின் தடமும் அங்கே இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று முடிவுகட்ட எவருக்கும் ஆசை பிறக்கும்.

ஆய்வாளர் அவ்வளவு விரைந்து முடிவு கட்டவில்லை. வியட்நாமில் 2003இல் நடந்த ஆய்வில் 6ஆம் குரோமோசோமே முன்னின்றது. 10பி13 கிருமி குறைந்த வகையினரிடம் மட்டும் மெலிதாகத் தெரிந்தது. 2010இல் மேனோஸ் ஏற்பியின் 396ஆம் இடத்தில் கிளைசின் இருக்கிறதா செரின் இருக்கிறதா என்ற வேறுபாடு வியட்நாமிலும் பிரேசிலிலும் நோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வினர் அவ்வேற்பியை வேறோர் அணுவில் தனியே அமைத்துச் சோதித்தபோது அது தொழுநோய்க் கிருமியைப் பற்றவில்லை. துணைக்கு இன்னொரு மூலக்கூறு வேண்டும்போலும் என்று எழுதினர். 2014இல் அதே பட்டையில் வேறிரு மரபணுக்கள் உரிமை கோரி வந்தன. அவையும் வியட்நாம் மக்களிடம், அதுவும் கிருமி மிகுந்த வகையினரிடம். தென்னிந்தியக் குடும்பங்களோ பெரும்பாலும் கிருமி குறைந்த வகையினர். ஆகத் தெருவின் பெயர் நிலைத்துவிட்டது. எந்த வீடு என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. ‘தொழுநோய் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று எவரேனும் எழுதினால் வாசகர் ஐயுறவேண்டும்.

ஏற்பிகளின் வரலாற்றில் வழுக்கல்களும் உண்டு. ‘டோல்’ ஏற்பிகள் என்னும் குடும்பத்தில் இரண்டாம் ஏற்பியின் ஒரு மாற்றம் தொழுநோய்க்குக் காரணம் என்று 2001இல் கொரியாவிலிருந்து செய்தி வந்தது. 2005இல் இந்திய ஆய்வாளர் அதனை மீளாய்ந்து, அம்மாற்றம் அந்த மரபணுவில் இல்லவே இல்லை, அதனருகே அதேபோல் அமைந்த ஓர் இரட்டிப்புப் பகுதியில் இருந்ததைத் தவறாகப் படித்தனர் என்று காட்டினர். ஏடு பெயர்த்து எழுதுவோர் ஓர் அடியின் ஈற்றுச்சொல் அடுத்த அடியிலும் வரக்கண்டு இடையிலுள்ளதைத் தாவிவிடும் பிழையைப் பதிப்பாசிரியர் அறிவர். இதுவும் அதற்கு உறவான பிழையே.

அக்குடும்பத்தின் முதல் ஏற்பியின் செய்தி இதனினும் வியப்பானது. 4ஆம் குரோமோசோமில் அதன் இடம் 1996இலேயே வேறு பெயரில் குறிக்கப்பட்டிருந்தது. அதன் 602ஆம் இடத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால் ஏற்பி அணுவின் மேற்பரப்புக்கு வந்துசேராது. காவலன் வாயிலுக்கே வரவில்லை என்றால் நோய் மிகும் என்றுதானே எண்ணுவோம்? துருக்கியில் 2007இல் செய்த ஆய்வில் அம்மாற்றம் உடையோர்க்குத் தொழுநோய் குறைவாக இருந்தது. டெல்லி, கொல்கத்தா நோயாளிகளைக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வும் அதே திசையில் சென்றது. அம்மாற்றம் ஐரோப்பியரிடம் மிகுதி, இந்தியரிடம் குறைவு. கிருமி அந்த ஏற்பியைத் தன் நலனுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். எனில், ‘குறை’ உடைய மரபணு எது, ‘நிறை’ உடையது எது? நம் குடும்பப் பேச்சில் நல்ல குருதி, கெட்ட குருதி என்று பிரிக்கும் கோடு இங்கே நில்லாமல் போகிறது.

வகுப்பில் நாலடியார் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இது இரத்தத்தில் வருவதா?” என்று கேட்டாள். அவள் வீட்டிலும் தறி உண்டு. அவள் பாட்டனாரின் விரல்கள் மடங்கியிருந்ததைப் பெண்பார்க்க வந்தவர்கள் விசாரித்ததாகப் பின்னர் அறிந்தோம். பாட்டனார் மருந்துண்டு நலமுற்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அன்று அவளுக்கு நாம் தந்த விடை நீளமாக இருந்தது. இன்று சுருக்கிச் சொல்ல முயல்வோம். நோய் இரத்தத்தில் வருவதன்று, கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து பரவும் ஆற்றலும் விரைவில் நீங்கிவிடும். கிருமி வந்தால் அதனை எதிர்க்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். அம்மாறுபாட்டில் பிறப்புக்கும் ஒரு பங்கு உண்டு, உணவுக்கும் வறுமைக்கும் நெருக்கடியான குடியிருப்புக்கும் பங்கு உண்டு. பிறப்பின் பங்கு ஒரு மரபணுவில் இல்லை. பலவற்றில் சிதறிக் கிடக்கிறது. 2009இல் சீனத்தில் மரபணுத் தொகுப்பு முழுதும் துழாவிய ஆய்வு வேறு பல மரபணுக்களைச் சுட்டியது. அவற்றுள் எந்த ஒன்றையும் வைத்து ஒரு பெண்ணைப் பார்த்து ‘இவளுக்கு வரும்’ என்றோ ‘இவள் பிள்ளைக்கு வரும்’ என்றோ சொல்ல இயலாது.

சிக்கல் நம் சொல்லில் உள்ளது. ‘பரம்பரை நோய்’ என்னும்போது நோயே கைமாறுவதாகப் பொருள்படுகிறது. பாட்டனின் நிலம் பேரனுக்கு வருவதுபோல. ஆய்வு சுட்டுவது நோயை அன்று, எதிர்ப்புத் திறனின் ஏற்றத்தாழ்வை. சிலர் ‘மரபுவழி ஏற்புநிலை’ என்று எழுதுகின்றனர். பொருள் சரி, ஆனால் தறிக்கூடத்தில் எவர் வாயிலும் அது நுழையாது. ‘நோய்க்கு இடங்கொடுக்கும் உடம்பு’ என்பது நம் பக்கத்து வழக்கில் முன்பே இருக்கும் தொடர். சளிக்கும் சொல்வார்கள், காய்ச்சலுக்கும் சொல்வார்கள். அதில் வசை இல்லை. தொழுநோய்க்கும் அதனையே சொல்லலாம் என்பது நம் கருத்து.

சட்டம் இவ்விடத்தில் மெல்லவே நகர்ந்தது. தொழுநோயைக் காரணம்காட்டி மணவிலக்குக் கோரும் உரிமை இந்து திருமணச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களில் 2019வரை இருந்தது. கூட்டு மருந்து முறையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல். முழுதும் தீர்க்கக்கூடிய நோய் என்று தெரிந்தபின்னும் 38 ஆண்டுகள் அது மணமுறிவுக்குப் போதிய காரணமாகச் சட்டநூலில் நின்றது. 2005ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்துவிட்டதால் தேசிய அளவில் தொழுநோய் ஒழிந்தது என இந்தியா அறிவித்தது. அச்சொல்லும் தவறாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியர்.

குருதி உறவு பற்றி வங்கதேசத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் வெளியானது. நோயாளியோடு தொடர்புடைய ஆயிரக்கணக்கானோரைப் பரிசோதித்தனர். ஒரே வீட்டில் உண்டு உறங்குவது ஓர் இடர்; குருதி உறவினராக இருப்பது அதனின் வேறான மற்றோர் இடர் என்று கணக்கு காட்டியது. டேனியல்சன் கண்டதும் ஹான்சன் கண்டதும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக அமைந்தன. அதே நாட்டில் நடந்த தொடர்முயற்சியில், நோயாளியைச் சுற்றியுள்ளோர்க்கு ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தபோது, அடுத்த இரண்டாண்டுகளில் அவர்களுள் புதிதாக நோயுறுவோர் ஏறத்தாழ நூற்றுக்கு 57 குறைந்தனர்.

இம்முறையை இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. புதிய நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால் நலவாழ்வுப் பணியாளர் அவர் வீட்டுக்கும் அண்டை வீடுகளுக்கும் சென்று, தோலைப் பார்த்து, நோயில்லாதவர்க்கு அந்த ஒரு வேளை மருந்தைத் தருகிறார். வயது பார்ப்பார், மருந்து ஒவ்வாதோரை விலக்குவார். 10ஆம் குரோமோசோமைப் பற்றியோ, நோயாளிக்கு இவர் என்ன உறவு என்பதைப் பற்றியோ அவர் கேட்பதில்லை. பக்கத்துத் தறியில் அமர்ந்து நெய்பவருக்கும் அதே மருந்துதான்.